ஆர்டர் எண்ணுக்குக் கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் போதாதா?

போதாது. மார்த்தாண்டத்துத் தேனும் ஏத்தங்காய் சிப்ஸும் விற்கும் உங்கள் தளத்தில் சாதாரண நாளில் குறை ஒன்றும் தெரியாது. ஓணத்துக்கு முந்தைய வாரம் இரண்டு பேர் ஒரே நொடியில் ஆர்டர் போடுவார்கள். இரண்டு இணைப்பும் கடைசி எண் 1041 என்றே படிக்கும், இரண்டும் 1042 என்று எழுதப் போகும். ஒரே எண் இரண்டாம் முறை பதியாமல் டேட்டாபேஸ் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடு இருந்தால் ஒரு ஆர்டர் பிழையாகி நிற்கும். இல்லாவிட்டால் தக்கலைக்குப் போக வேண்டிய பார்சல் குளச்சலுக்குப் போய்ச் சேரும்.

உள் எண்ணை டேட்டாபேஸே கொடுக்கட்டும்: அடுத்த எண்ணைத் தானே தரும் வசதி மைஎஸ்க்யூஎல்லில் ஆட்டோ இன்கிரிமென்ட், போஸ்ட்கிரெஸில் ஐடென்டிட்டி. பாதியில் ரத்தான ஆர்டரின் எண் திரும்பி வராது, இடையில் ஓட்டை விழும். அதை அடைக்கப் போகாதீர்கள். ஜிஎஸ்டி பில்லுக்குத் தனி வரிசை வையுங்கள். விதி 46-ன்படி அது தொடர் எண்ணாக, 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக இருக்க வேண்டும்.

வாடிக்கையாளருக்குக் காட்டும் எண் வேறாக இருப்பதே நல்லது. வரிசை எண்ணைக் காட்டினால் ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் என்று போட்டிக் கடைக்காரர் எண்ணிவிடுவார். 6 இலக்க ரேண்டம் எண் பத்து லட்சம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 1,180 ஆர்டரிலேயே ஏதோ இரண்டு ஒரே எண்ணாகி மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கணினி உருவாக்கும் 36 எழுத்துத் தனி அடையாளமான யுயுஐடியைப் போனில் யாரும் வாசிக்க மாட்டார்கள். ஆங்கில எழுத்துகளும் வேண்டாம், பி, டி, ஈ எல்லாம் காதில் ஒன்றுபோலத்தான் விழும். 8 ரேண்டம் இலக்கம், அதோடு லூன் முறையில் அந்த எட்டிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு இலக்கம்: 471-208-363. இதை 471-280-363 என்று மாற்றிச் சொன்னால், தேடும் முன்பே தவறு என்று தெரிந்துவிடும். 10 இலக்கமாக்கினால் மொபைல் எண்ணோடு குழம்பும். டெக்ஸ்டாகச் சேமியுங்கள், எக்செல்லில் திறக்கும்போதும் அப்படியே. இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். யுனிக் கட்டுப்பாடு இதற்கும் வேண்டும். மோதினால் புது எண் எடுத்து மறுபடி எழுதட்டும்.

இத்தனை செய்தாலும் ஒரே ஆள் பட்டனை இருமுறை தட்டினால் இரண்டு ஆர்டர் விழும், இரண்டுக்கும் வெவ்வேறு எண்ணோடு. நெட் மெதுவான இடங்களில் இது அடிக்கடி நடக்கும். பணம் கட்டும் பக்கம் திறக்கும்போதே ஒரு யுயுஐடி உருவாக்கி ஆர்டரோடு அனுப்புங்கள், டேட்டாபேஸில் அதைச் சேமிக்கும் கட்டத்துக்கும் யுனிக் போடுங்கள். அதே யுயுஐடி மறுபடி வந்தால் புதிதாக எழுதாமல் பழைய ஆர்டரையே திருப்பிக் காட்டுங்கள்.