எர்த் இல்லாத பிளக்கும் உப்புக் காற்றும்: வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் கேள்வி-பதில்

வொர்க்ஸ்டேஷன், அதாவது கனமான தொழில் வேலைகளுக்கான லேப்டாப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் ஏறத்தாழ பாதியில் மாடல் எண்ணே இல்லை. 'என்னிடம் டெல் இருக்கிறது, ரேம் கூட்டலாமா' என்று எழுதுவது, 'என்னிடம் வல்லம் இருக்கிறது, எந்த இன்ஜின் பொருந்தும்' என்று கேட்பதற்குச் சமம். லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் காத்திருக்கட்டும்.

கேள்வி (பரமக்குடி): திருமண ஆல்பம் வடிவமைக்கிறேன். திங்க்பேட் பி51, 16 ஜிபி ரேம். 32 ஆக்க வேண்டுமென்றால் இருக்கும் ரேமைக் கழற்றிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த மாடலில் ரேமுக்கு நான்கு ஸ்லாட்டுகள் உண்டு. இரண்டு, அடிமூடியைத் திறந்ததும் தெரியும். மற்ற இரண்டு கீபோர்டுக்கு அடியில் இருக்கும். கீபோர்டைக் கழற்றச் சோம்பல்படுபவரின் கண்ணுக்கு முதல் இரண்டு மட்டுமே தெரியும். இப்போதுள்ள 16 ஜிபி இரண்டு 8 ஆக இருக்குமானால், இன்னும் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 துண்டுகளை வாங்கிக் காலியாக உள்ள ஸ்லாட்டுகளில் போட்டால் போதும். இதே மாடல் ஜியான் பிராசஸருடனும் விற்கப்பட்டது. அதில் இசிசி ரேம் (பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வகை) இருக்கலாம் என்பதால், வாங்குவதற்கு முன் பழைய துண்டின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். இசிசியையும் சாதாரண ரேமையும் கலக்கக் கூடாது. போர்டு 64 ஜிபி வரை ஏற்கும் என்றாலும் ஆல்பம் வேலைக்கு 32 தாராளம். மிச்சமாகும் பணத்தில் பேக்கப்புக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வையுங்கள். அழிந்துபோன படத்துக்காக மணமக்கள் மறுபடியும் தாலி கட்ட வரமாட்டார்கள்.

கேள்வி (கீழக்கரை): துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) கொண்டுவந்து கொடுத்த டெல் பிரிசிஷன் 7540. சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஓரத்தில் கை பட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. சார்ஜரைக் கழற்றினால் அடிப்பதில்லை. மதர்போர்டில் லீக் இருக்கிறது, மாற்ற 12,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள்.

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். மதர்போர்டு நன்றாகத்தான் இருக்கும்; கோளாறு உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இதை நான் எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை, ஆனாலும் இந்தக் கடற்கரை முழுக்க இதே கதைதான் என்பதால் இன்னொரு முறை விரிவாகவே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட பெரிய அடாப்டர்களுக்குள், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக 'ஒய்' வகை கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியாக மிகச் சிறிய கசிவு எப்போதும் உண்டு. அது எர்த் வயர் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவுக்குப் போக்கிடம் இல்லாமல், லேப்டாப்பின் உலோகப் பாகங்கள் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதிக்கு, அதாவது 110 வோல்ட் அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் அடாப்டர் நல்ல நிலையில் இருக்கும்வரை சுள்ளென்ற உணர்வோடு நின்றுவிடும். ஆனால் அதே நிலையில் எர்த் உள்ள புரொஜெக்டரையோ டிவியையோ ஹெச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால், செருகும் அந்தக் கணத்தில் ஒரு பொறி பறந்து, கேபிள் நுழையும் போர்ட் செத்துப்போக வாய்ப்பு உண்டு. அப்போதுதான் உண்மையாகவே மதர்போர்டு செலவு வரும்.

துபாயிலிருந்து வரும் பவர் கார்டின் முனையில், மூன்று தட்டைக் கால்களும் உள்ளே ஒரு ஃபியூஸும் கொண்ட பிரிட்டிஷ் பிளக் இருக்கும். அதில் நீளமான கால்தான் எர்த். நம் ஊர் சாக்கெட்டில் அது நுழையாது என்பதால் ஐம்பது ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுகிறோம். அந்தக் கன்வெர்ட்டர்களில் பலவற்றின் பின்பக்கம் இரண்டே கால்கள்தான். எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். உங்கள் அடாப்டருக்கு, டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு வரும் அதே மூன்று கால் பவர் கார்டு பெரும்பாலும் பொருந்தும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ளது ராமநாதபுரத்திலேயே இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அடாப்டரைக் கையோடு எடுத்துச் சென்று செருகிப் பார்த்து வாங்குங்கள்.

கார்டை மாற்றியும் ஷாக் நிற்கவில்லை என்றால் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். சென்ற கோடையில் உங்கள் ஊரிலேயே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புதிய கார்டு, நல்ல பிளக், ஆனாலும் கீல் திருகில் டெஸ்டரை வைத்தால் விளக்கு மங்கலாக எரிந்தது. மெயினை அணைத்து சாக்கெட்டைத் திறந்து பார்த்தபோது, பச்சை வயர் கட்டைவிரல் நீளத்துக்கு வெளியே வந்து, கறுப்பு டேப் சுற்றப்பட்டு, எதிலும் இணையாமல் உள்ளேயே சுருண்டு கிடந்தது. வீடு கட்டிப் பதினோரு ஆண்டுகள். பதினோரு ஆண்டுகளும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது. அடுத்த அறையில் இதைவிட மோசம். எர்த் வயர் வராத சாக்கெட்டில், நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார்கள். சோதனை பிளக்கைச் செருகினால் 'எல்லாம் சரி' என்று விளக்கு காட்டும், ஷாக்கும் அடிக்காது. ஆனால் எங்காவது நியூட்ரல் வயர் விட்டுப்போன அன்று, அந்த சாக்கெட்டின் எர்த்தை நம்பியிருக்கும் எல்லா உலோக உடல்களிலும் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். லேப்டாப் போவது இருக்கட்டும், அதைத் தொடுபவர் பிழைப்பது அரிது. இதைச் செய்த வயர்மேன், எர்த் கொடுத்துவிட்டதாகக் கூலியும் வாங்கியிருப்பார்.

எர்த் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து மணல் காய்ந்துவிட்டால் மின்சாரத்தைக் கடத்தாது. தரைக்கடியில் உப்புநீர் இருக்கும் இடங்களிலோ கடத்தும், ஆனால் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அரித்துத் தின்றுவிடும். வீடு கட்டியபோது புதைத்த பைப் இன்னும் பைப்பாகவே இருக்கிறது என்று நம்ப வேண்டாம். எர்த் மெகர் வைத்து மண்ணோடு உள்ள மின்தடையை அளந்தால் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். கூடவே, கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை வீட்டு மெயின் போர்டில் மாட்டச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்தாலும் மதர்போர்டுக்குக் கேட்ட 12,000 ரூபாய் முழுதாகச் செலவாகாது. இருகால் சாக்கெட்டில் நுழைய வேண்டும் என்பதற்காக மூன்றாவது காலை ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கேள்வி (தொண்டி): டச்பேட் மேலே எழும்பி, கிளிக் ஆக மறுக்கிறது. டச்பேட் மாற்ற வேண்டுமா?

பதில்: பேட்டரி உப்பியிருக்கிறது. இன்றே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், மேலிருந்து அழுத்திச் சமப்படுத்த முயலாதீர்கள், குத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். புதிய பேட்டரி போட்ட பிறகு, எந்நேரமும் சார்ஜரிலேயே வைத்துப் பயன்படுத்துபவராக இருந்தால் சார்ஜ் உச்சவரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்தி வையுங்கள். தொழில்முறை லேப்டாப்புகளில் பெரும்பாலும் இந்த வசதி பயாஸிலோ (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) தயாரிப்பாளரின் மென்பொருளிலோ இருக்கும்.

கேள்வி (ராமநாதபுரம்): கட்டட வரைபட அலுவலகம் நடத்துகிறேன். ஹெச்பி இசட்புக் 15 ஜி5. ரெண்டர் (வரைபடத்தை நிஜம் போன்ற படமாக்கும் வேலை) கொடுத்தால் ஆரம்பத்தில் வேகமாக ஓடி, பத்து நிமிடத்தில் ஆமையாகிவிடுகிறது. சார்ஜர் பழுதானதால் இப்போது அலுவலகத்திலிருந்த வேறொரு ஹெச்பி சார்ஜரைப் பயன்படுத்துகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

பதில்: விடையை நீங்களே கேள்விக்குள் எழுதிவிட்டீர்கள். அந்த 'வேறொரு' சார்ஜரின் மேல் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது? 65 அல்லது 90 என்றுதான் இருக்கும். முனை ஒன்றாக இருப்பதால் நுழைகிறது. ஆனால் உங்கள் மாடலுக்குரியது 150 அல்லது 200 வாட். திறன் குறைந்த அடாப்டர் என்பதை லேப்டாப் உணர்ந்து, தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. துவக்கத்தில் அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வந்திருக்கும், நீங்கள் எண்டர் தட்டியிருப்பீர்கள்.

சரியான அடாப்டர் போட்ட பிறகும் பத்து நிமிடக் கதை தொடர்ந்தால் அது சூடு. அடிமூடியைக் கழற்றி, விசிறி காற்றைத் தள்ளும் பக்கத்தில் உள்ள செம்புத் தகடுகளைப் பாருங்கள். கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களின் லேப்டாப்பில் அங்கே பஞ்சு போலத் தூசி இருக்கும், ஊதினால் பறக்கும். நம் கரையில் அந்தத் தூசி உப்பு ஈரத்தோடு சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்து கிடக்கும். ஊதினால் அசையாது, தூரிகையால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கடியில் செம்பு பச்சை பூத்திருப்பதையும் காணலாம். நான்கைந்து ஆண்டு ஓடிய இயந்திரம் என்றால் சில்லின் சூட்டைச் செம்புக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். சுத்தம் செய்யும் நாளிலேயே அதையும் மாற்றிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இந்த வேலை தேவை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

கேள்வி (மண்டபம்): படகில் தரவு பதிவு செய்யும்போது லேப்டாப் மேல் கடல்நீர் தெறித்தது. இரண்டு நாள் அரிசியில் புதைத்து வைத்தேன். இப்போது ஆன் செய்யலாமா?

பதில்: கூடாது. அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், உப்பை இழுக்காது. நீர் உலர்ந்த இடத்தில் உப்பு தங்கி, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் பாயும்போது போர்டின் மின் தடங்களை அரித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, முதலில் டிஸ்டில்டு வாட்டரிலும் பிறகு 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்தத் தெரிந்த ஒருவரிடம் இன்றே கொடுங்கள். இரண்டு நாள் ஏற்கெனவே வீணாகிவிட்டது. எஸ்எஸ்டியைத் தனியே கழற்றித் தரவைக் காப்பாற்றச் சொல்லுங்கள். அந்த அரிசியைச் சமைக்காதீர்கள்.

கேள்வி (ராமேஸ்வரம்): தங்கும் விடுதிக் கணக்கு வேலைக்கு 2017இல் வாங்கிய வொர்க்ஸ்டேஷன். விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. தூக்கிப் போடுவதா?

பதில்: மாடலை எழுதவில்லை, ஆண்டையாவது எழுதினீர்களே. 2017 என்றால் இன்டெல் 6ஆம் அல்லது 7ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8ஆம் தலைமுறையையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. 7ஆம் தலைமுறையில் விதிவிலக்குகள் மிகச் சில. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தடையை மீறி ஏற்றும் குறுக்குவழிகளை, வங்கிக் கணக்கும் விருந்தினரின் ஆதார் நகலும் உள்ள இயந்திரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு வேலைக்கு 8ஆம் தலைமுறைக்குப் பிந்தைய சாதாரண லேப்டாப்பே போதும். பழையதில் லினக்ஸ் ஏற்றி, இணையம் பார்க்கவும் பேக்கப் வைக்கவும் பயன்படுத்தலாம்.

கேள்வி (ஏர்வாடி): பழைய திங்க்பேட் ஒன்று மலிவாக வருகிறது. ஆன் செய்ததும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறது. சிமாஸ் பேட்டரியை (அமைப்புகளை நினைவில் வைக்கும் பொத்தான் பேட்டரி) கழற்றினால் போய்விடுமா?

பதில்: போகாது. வாங்காதீர்கள்.

கேள்வி (ஊர் பெயர் இல்லை): எம்.2 எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். லேப்டாப் காட்டவே மாட்டேன் என்கிறது. கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஊர் இல்லை, மாடல் இல்லை, எஸ்எஸ்டி எந்த வகை என்பதும் இல்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. ஒரே வடிவத்தில், தரவைக் கடத்தும் முறையில் வேறுபடும் சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் உண்டு. உங்கள் ஸ்லாட் ஒன்றையும் நீங்கள் வாங்கியது இன்னொன்றையும் சேர்ந்தவையாக இருக்கலாம். இணைப்பு முனையில் ஒரு வெட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. எண்ணிப் பாருங்கள், சீட்டையும் படியுங்கள், பிறகு எழுதுங்கள்.

கேள்வி (பாம்பன்): கடலைப் பார்த்த வீடு. உப்புக் காற்றுக்குப் பயந்து, விலையுயர்ந்த லேப்டாப்பை உறை போட்டு அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறைதான் எடுப்பேன். சரிதானே?

பதில்: நேர்மாறு. தினமும் ஓடும் லேப்டாப் தன் சூட்டிலேயே உள் ஈரத்தை உலர்த்திக்கொள்ளும். மூடி வைத்ததுதான் முதலில் துருப்பிடிக்கும். வாரத்துக்கு மூன்று நாளாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். முடியாதென்றால், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு வையுங்கள். இன்னொன்று: ஏசி அறையிலிருந்து எடுத்து வந்து உடனே திண்ணையில் வைத்து ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த தம்ளருக்கு வெளியே நீர் கோப்பதைப் போல உள்ளே போர்டிலும் கோக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு எடுங்கள்.