பரண்ல கிடந்த ஏரோப்ளேன்

கேள்வி: எங்க பழைய வீட்டுப் பரண்ல உள்ளங்கை அளவு வெண்கலத் தகடு ஒண்ணு கிடைச்சுது. மீசைக்காரர் ஒருத்தர் முகம், கீழ கடல், மேல ஒத்தை றெக்கை ஏரோப்ளேன், 1909னு வருஷம். நம்ம கடற்கரையில முதல்முதலா ப்ளேன் இறங்குன ஞாபகமா அடிச்சதுன்னு வாப்பா சொல்வாங்க. புளி போட்டுத் தேச்சு பளபளன்னு வச்சிருக்கேன். என்ன விலை போகும்?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: வாப்பா சொன்னதுல வருஷம் மட்டும்தான் தேறும் தம்பி. 1909ல இங்க எங்கேந்து ப்ளேன் இறங்கும்? மெட்ராஸ்ல ஹோட்டல் நடத்துன டி'ஏஞ்சலிஸ் பல்லாவரத்துல பறந்து காட்டுனதே 1910, பாம்பன்ல ரயில் பாலம் திறந்ததே 1914, உச்சிப்புளிக்கு நேவியோட விமானத் தளம் 'பருந்து' வந்தது 2009, சரியா நூறு வருஷம் லேட்டு.

ஒத்தை றெக்கை, மீசை, கடல், 1909 எல்லாத்தையும் சேர்த்தா எனக்குத் தோணுறது பிரான்ஸ்காரர் ப்ளேரியோ. அந்த வருஷம் ஜூலை 25 விடிகாலைல கலே பக்கத்துலேந்து கிளம்பி இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி டோவர்ல போய் விழாத குறையா இறங்குனார், தூரம் நம்ம தனுஷ்கோடி–தலைமன்னாரைவிடக் கொஞ்சம்தான் கூட, இன்ஜின் வெறும் 25 குதிரைசக்தி, கையில திசைகாட்டிகூட இல்ல, நடுக்கடல்ல கரையே தெரியாம கொஞ்ச நேரம் குத்துமதிப்பாத்தான் ஓட்டியிருக்கார் மனுஷன்.

ஆனா நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க. ப்ரொப்பல்லர் மூக்குல இருக்கா, கீழ சைக்கிள் சக்கரம் மாதிரி இருக்கா? அப்போ ப்ளேரியோ ப்ளேனா இருக்க வாய்ப்பு அதிகம். ரைட் சகோதரர்களோடதுன்னா ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு றெக்கை, ப்ரொப்பல்லர் பின்னாடி, சக்கரத்துக்குப் பதிலா சறுக்குக் கட்டை. அப்புறம் தகட்டோட விளிம்பைத் திருப்பிப் பாருங்க, பழம் வழியுற கொம்பு மாதிரி பொடி முத்திரை இருந்தா பாரிஸ் நாணயச்சாலைல அடிச்சது. கொழும்பு வியாபாரம் பண்ணுன ஊரு உங்க ஊரு, எவரோட பெட்டியிலயோ கப்பலேறி வந்திருக்கும்.

செஞ்சவர் பேரு வழக்கமா முகத்துக்குக் கீழயோ ஓரத்துலயோ பொடி எழுத்துல இருக்கும், அதைத்தான் நீங்க புளி போட்டுத் தேச்சுட்டீங்களோன்னு பயமா இருக்கு. பழைய வெண்கலத்துக்கு அந்தக் கருப்பேறுன நிறம்தான் மதிப்பே, குத்துவிளக்கு இல்ல இது! மிச்சம் இருக்குற எழுத்து மேல மெல்லிசு பேப்பரை வச்சு பென்சிலால தேச்சு அனுப்புங்க, படிச்சுப் பாக்கலாம்.

விலையா? தேய்க்கிறதுக்கு முந்தி கேட்டிருக்கணும்.