பத்து சதவீதம் என்று யார் சொன்னது?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கிளை நூலகர். பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர் ஒரு சிறுகதைத் தொகுப்பிலிருந்து இரண்டு கதைகளை ஜெராக்ஸ் எடுத்து வகுப்புக்குக் கொடுக்கக் கேட்கிறார். புத்தகத்தில் பத்து சதவீதம் வரை எடுத்தால் தப்பில்லை என்று இணையத்தில் படித்தாராம். தொட்டால் தாள் நொறுங்கும் பழைய நூல்களும் எங்களிடம் இருக்கின்றன. ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா?

ஒரு நூலகர்

அன்புள்ள நூலகர் அவர்களுக்கு,

பத்து சதவீதக் கணக்கு நம் சட்டத்தில் கிடையாது. 1976இல் அமெரிக்கப் பதிப்பாளர்களும் ஆசிரியர் அமைப்புகளும் பேசி வைத்துக்கொண்ட வகுப்பறை நெறிமுறையில் வருவது அது. அங்கேயும் அது சட்டமல்ல.

நமக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் பொருட்டு நகலெடுக்கலாம், வினாத்தாளிலும் சேர்க்கலாம் என்கிறது. இது எதுவரை செல்லும் என்பதுதான் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் அந்தக் கடைமீது 2012இல் தொடுத்தன. பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவு, பக்கக் கணக்கு இல்லை என்று 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. மறு ஆண்டு பதிப்பாளர்கள் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆக, இரண்டு கதைகளைத் தாராளமாக எடுத்துக் கொடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதையும் நான் இதிலேயே சேர்ப்பேன். அதே கோப்பு டெலிகிராம் சேனலுக்குப் போனால் இந்த விலக்கு உதவாது. முழுத் தொகுப்பையும் நகலெடுக்கக் கேட்டால் வாங்கச் சொல்லுங்கள். நம் பதிப்பகங்களில் பாதி, நூலகங்களுக்கு நூல் வாங்கும் அரசு ஆணையை நம்பியே மூச்சு விடுகின்றன.

பழைய நூல்களுக்கு இரண்டு வழிகள். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலென்றால், லாப நோக்கற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று பிரதிகள் வரை எடுக்கலாம். முதலில் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, 'கையிருப்பில் இல்லை' என்ற பதிலை அக்சஷன் பதிவேட்டில் (நூல் வரவுப் பதிவேடு) அந்த நூலின் எண்ணுக்கு எதிரே தேதியோடு குறித்து வையுங்கள். நாளை யாராவது கேட்டால் காட்ட ஒரு சான்று வேண்டும். இரண்டாவது, 2012 திருத்தத்தில் வந்தது: அச்சுப் பிரதி உங்களிடம் இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். அது சேமிக்கத்தான், எல்லோருக்கும் அனுப்ப அல்ல.

எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமானால், நாட்டுடைமையான (அரசு உரிமை பெற்றுப் பொதுவாக்கிய) நூலாகவோ ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூலாகவோ இருக்க வேண்டும். மறைந்ததற்கு அடுத்த ஜனவரி 1 முதல் எண்ண வேண்டும். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். 60 ஆண்டுக் கணக்குப்படி 2009 ஜனவரி 1 முதல் அவர் கதைகளுக்குத் தடையில்லை. பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். கையில் கிடைத்த அண்மைச் செம்பதிப்பை (மூலத்தை ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பை) அப்படியே ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். அதன் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் பதிப்பாசிரியருடையவை. பழைய பதிப்பைத் தேடி எடுங்கள். பலர் எழுதிய தொகுப்பென்றால் ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பென்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவருக்கும் கணக்குப் போடுங்கள்.