ஓபர்லின், ஒஹாயோ: 8,555 பேரில் ஊர்க்காரர்கள் எத்தனை பேர்?

கேள்வி இது: "அமெரிக்க மிட்வெஸ்டில் இருக்கும் ஓபர்லின் போன்ற ஒரு சின்னக் கல்லூரி ஊரின் வரலாறு என்ன? மக்கள்தொகை எட்டாயிரத்துச் சொச்சம் என்று போட்டிருக்கிறதே, அதில் மாணவர்களும் சேர்த்தியா?"

சேர்த்திதான். 2020 சென்சஸில் ஓபர்லினின் மக்கள்தொகை 8,555. கல்லூரியில் படிப்பவர்கள் ஏறக்குறைய 2,900 பேர். அவர்களில் பெரும்பாலோர் விடுதியில் இருப்பவர்கள். விடுதியில் தங்குவது அங்கே கிட்டத்தட்டக் கட்டாயம். ஆக, ஆண்டு முழுக்க அந்த ஊரில் அடுப்பு எரிக்கும் மக்கள் ஐந்தரை முதல் ஆறாயிரம் பேர்தான். ஜூலை மாதம் போய்ப் பார்ப்பவருக்கும் அக்டோபரில் போய்ப் பார்ப்பவருக்கும் அது வேறு வேறு ஊர்.

இந்த ஊரின் பழைய எண்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு இடத்தில் திடுக்கிடும். 1890 முதல் 1940 வரை அரை நூற்றாண்டு மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலேயே நிற்கிறது. 1950-இல் திடீரென்று ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. போருக்குப் பிறகு படிக்க வந்த படைவீரர்கள், புதுத் தொழிற்சாலை என்று பலரும் காரணம் எழுதுவார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல, எண்ணும் விதி மாறியதுதான். 1950-க்கு முன்னால் வெளியூரில் படிக்கும் பிள்ளையைப் பெற்றோர் வீட்டுக் கணக்கில் எழுதினார்கள். 1950 முதல் படிக்கும் ஊரிலேயே எழுதுகிறார்கள். மிட்வெஸ்டில் எந்தக் கல்லூரி ஊரை எடுத்தாலும் 1940-க்கும் 1950-க்கும் நடுவே உள்ள ஏற்றத்தை முதலில் சந்தேகப்படுங்கள். இன்னும் பின்னால் போனால் விதி மறுபடி மாறும்: 1850 கணக்கெடுப்பில், ஜூன் 1 அன்று மாணவன் எந்த வீட்டில் சாப்பிட்டுத் தங்கியிருந்தானோ அந்த வீட்டோடு எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆகவே 1850 முதல் இன்று வரை ஒரே கோடாகக் கிராஃப் போடுவது தப்பு.

இனி வரலாறு. கிளீவ்லேண்டுக்குத் தென்மேற்கே சுமார் 55 கிலோமீட்டரில், லொரெய்ன் கவுண்டியில் இருக்கிறது ஓபர்லின். பிரெஸ்பிட்டீரியன் சபையைச் சேர்ந்த ஜான் ஷிப்பர்ட், ஃபைலோ ஸ்டூவர்ட் என்ற இருவர் 1833-இல் இதைத் தொடங்கினார்கள். பிரான்ஸின் ஆல்சேஸ் பகுதியில் பள்ளிகளும் சாலைகளும் அமைத்த பாதிரியார் ஓபர்லினின் பெயரை வைத்தார்கள். ஊர் வளர்ந்து பிறகு கல்லூரி வந்த கதை அல்ல இது. கல்லூரிக்காகவே ஊர் உண்டாக்கப்பட்டது. பண ஏற்பாடும் அப்படித்தான். கனெக்டிகட்டில் இருந்த நில உரிமையாளர்களிடமிருந்து கல்லூரிக்கென்று 500 ஏக்கர் தானமாகக் கிடைத்தது. அதைச் சுற்றி 5,000 ஏக்கரை ஏக்கர் ஒன்றரை டாலருக்கு வாங்கி, குடியேற வந்தவர்களுக்கு இரண்டரை டாலருக்கு விற்று, நடுவே நின்ற ஒரு டாலரைக் கல்லூரிக்கு வைத்துக்கொண்டார்கள். இன்றைய லேஅவுட் போட்டு விற்கும் கணக்கேதான், லாபம் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. நிலம் என்னவோ களிமண்ணும் காடும், மழை பெய்தால் தண்ணீர் வடியாத பூமி. அவ்வளவு மலிவாகக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

வந்து சேர்ந்தவர்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும்: புகையிலை, சாராயம் கூடாது, முடிந்தவரை டீ, காபிகூட வேண்டாம். 1833 டிசம்பர் 3-இல் 44 மாணவர்களோடு பாடம் தொடங்கியது. படிப்போடு தினமும் சுமார் நாலு மணி நேரம் உடலுழைப்பும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் காசு தீர்ந்துகொண்டே வந்தது.

அந்தக் காசு முடையில்தான் ஊரின் தலையெழுத்து மாறியது. சின்சினாட்டியின் லேன் செமினரி என்ற பாதிரியார் பயிற்சிக் கல்லூரியில் 1834-இல் மாணவர்கள் அடிமை முறையைப் பற்றிக் கூட்டம் போட்டு விவாதித்தார்கள்; நிர்வாகம் அதற்குத் தடை போட, பெரும்பாலோர் வெளியேறினார்கள். அவர்களை ஓபர்லினுக்கு அழைத்தார் ஷிப்பர்ட். வருகிறோம், ஆனால் கறுப்பின மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. நியூயார்க் வணிகர் ஆர்தர் டாப்பனின் பண உதவியும் அதோடு பிணைந்திருந்தது. 1835 பிப்ரவரியில் அறங்காவலர்கள் வாக்களித்தபோது சரிபாதியாகப் பிரிந்தது. தலைமையில் இருந்த ஜான் கீப்பின் ஒரு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. 1837-இல் நான்கு பெண்கள் ஆண்களோடு அதே பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள். அவர்களில் மூவர் 1841-இல் பட்டம் வாங்கினார்கள். மேரி ஜேன் பேட்டர்சன் 1862-இல் இங்கேதான் பட்டம் பெற்றார். இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்று அறியப்படுபவர்.

இந்த முடிவு கல்லூரியோடு நிற்கவில்லை, ஊரின் மக்கள்தொகையிலும் தெரிந்தது. சுதந்திரமான கறுப்பினக் குடும்பங்களும், தெற்கில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்களும் இங்கே குடியேறினார்கள். 1860 வாக்கில் ஊரில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். வடக்கு மாநிலங்களில் அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய பங்கு.

1858 செப்டம்பர் 13-இல் நடந்ததைப் பார்த்தால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று புரியும். கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்து ஓபர்லினில் இருந்தவர் ஜான் பிரைஸ். அவரைப் பிடிக்க வந்தவர்கள் ஊருக்குள் கைவைக்கத் துணியவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரின் மகன், பதின்மூன்று வயதுப் பையன், உருளைக்கிழங்கு தோண்டும் வேலை இருக்கிறது என்று சொல்லி வண்டியில் ஊருக்கு வெளியே கூட்டிப்போனான். அதற்கு அவனுக்குக் கூலி 20 டாலர். பிரைஸைப் பிடித்தவர்கள் தெற்கே வெலிங்டனுக்குக் கொண்டுபோய், சாயங்கால ரயிலுக்காக ஒரு ஹோட்டலின் மேல்தளத்தில் பூட்டி வைத்தார்கள். வழியில் பார்த்தவர்கள் ஓபர்லினில் சொல்ல, மாணவர்கள், பேராசிரியர், கடைக்காரர், தொழிலாளி, வெள்ளையர், கறுப்பர் என்று திரண்டு போய் அவரை மீட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் கல்லூரித் தலைவரான ஜேம்ஸ் ஃபேர்சைல்ட் வீட்டில் ஒளித்து வைத்துக் கனடாவுக்கு அனுப்பினார்கள். தப்பிய அடிமையைப் பிடிப்பதைத் தடுத்ததாக 37 பேர் மீது கூட்டாட்சி அரசு வழக்குப் போட்டது. முழு விசாரணை நடந்து தண்டனை பெற்றவர்கள் சைமன் புஷ்னெல், சார்லஸ் லாங்ஸ்டன் இருவர் மட்டும். பதிலுக்கு ஒஹாயோ அதிகாரிகள் பிடிக்க வந்தவர்கள் மேலேயே ஆள்கடத்தல் வழக்குப் போட, 1859 ஜூலையில் இரண்டு தரப்பும் சமரசமாகி மற்றவர்கள் வெளியே வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அடிமை முறையை எதிர்த்து ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிய ஜான் பிரவுனோடு போன லூயிஸ் லியரியும் ஜான் கோப்லாண்டும் ஓபர்லின்காரர்கள். லியரியின் மனைவி பின்னாளில் அதே சார்லஸ் லாங்ஸ்டனை மணந்தார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அந்தத் தம்பதியின் பேரன்.

1852-இல் ரயில் வந்தது. இருந்தும் ஊர் பெருக்கவில்லை. தொழிற்சாலைகள் ஈரி ஏரிக்கரையில் உள்ள லொரெய்னுக்கும் அதற்குத் தெற்கே உள்ள எலிரியாவுக்கும் போயின. ஓபர்லினுக்குக் கிடைத்த ஒரே பெரிய வாய்ப்பும் கைநழுவியது: 1886 பிப்ரவரி 23-இல் சார்லஸ் மார்ட்டின் ஹால், படித்து முடித்த மறு ஆண்டே, தன் வீட்டு விறகுக் கொட்டகையில் மின்பகுப்பு முறையில் அலுமினியம் எடுத்துக் காட்டினார். சகோதரி ஜூலியாவும் உடனிருந்து உதவினார். ஆனால் ஆலை பிட்ஸ்பர்க்கில் எழுந்தது. அதுதான் பின்னாளில் ஆல்கோவா என்ற பெரிய அலுமினிய நிறுவனம். ஊருக்குத் திரும்பி வந்தது ஹாலின் உயிலில் இருந்த பணம், அதுவும் கல்லூரிக்கு. கல்லூரி செல்வமாகவும் ஊர் சிறியதாகவும் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். ரயில் பாதை இப்போது சைக்கிள் பாதை.

தமிழருக்கு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் அந்நியரை எதிர்த்து எழுந்த 1900 பாக்ஸர் கலவரத்தில் கொல்லப்பட்ட ஓபர்லின் மிஷனரிகளுக்காக 1903-இல் ஊர் நடுவே டாப்பன் சதுக்கத்தில் ஒரு நினைவு வளைவு எழுப்பினார்கள். அவர்கள் நினைவாக 1908-இல் தொடங்கிய ஓபர்லின் ஷான்சி அமைப்பு, 1949-க்குப் பின் சீனாவில் கதவு அடைபட்டதும் வேறு நாடுகளின் பக்கம் திரும்பியது. மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஓபர்லின் பட்டதாரிகள் வந்து பணியாற்றியது அந்த வழியில்தான்.

இனி எண்களை நீங்களே சரிபார்க்கும் முறை. அமெரிக்க சென்சஸ் துறையின் தரவுத் தளத்தில் ஊரைத் தேடும்போது "பிளேஸ்" என்ற வகையில் ஓபர்லின் சிட்டியை எடுங்கள். ஜிப் கோடு 44074-ஐ எடுத்தால் நகர எல்லைக்கு வெளியே சுற்றியுள்ள டவுன்ஷிப் வீடுகளும் சேர்ந்து எண் பெருத்துவிடும். அடிக்கடி நடக்கும் தப்பு இதுதான். பிறகு 2020 தொகுதி மறுவரையறைக்கான தரவுத் தொகுப்பில் பி5 (P5) அட்டவணையைத் திறங்கள். வீடு அல்லாத கூட்டுத் தங்குமிடங்களில் இருப்போர் அதில் வகைவாரியாக இருப்பார்கள்: சிறை, முதியோர் பராமரிப்பு இல்லம், மாணவர் விடுதி என்று தனித்தனி வரி. மாணவர் விடுதி வரியை மொத்தத்திலிருந்து கழியுங்கள்.

வெளியே வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் அந்த வரியில் வரமாட்டார்கள். அவர்களைப் பிடிக்க வயது அட்டவணைதான் வழி. கல்லூரி இல்லாத சிற்றூரில் ஐந்தைந்து வயதுக் குழுக்கள் பெரிதாக ஏறி இறங்காது. 10–14, 30–34 இரண்டின் சராசரியை அடிப்படையாக வையுங்கள். பேச்சுக்கு 350-உம் 330-உம் என்றால் சராசரி 340. 15–19, 20–24 இரண்டுக்கும் சேர்த்து 680 பேர் இருப்பது இயல்பு. அங்கே 3,400 பேர் இருந்தால் 2,720 பேர் மாணவர்கள் என்று கொள்ளலாம். 25–29 குழுவை அடிப்படையாக எடுக்காதீர்கள். பட்டம் வாங்கியதும் கிளம்புபவர்களால் அந்த வயதில் பள்ளம் விழும், சில ஊர்களில் ஆய்வு மாணவர்களால் மேடும் இருக்கும். ஓபர்லினில் இன்னொரு மேடு எழுபது, எண்பது வயதில் தெரியும். 1993-இல் திறந்த கெண்டல் என்ற ஓய்வுக் குடியிருப்பு அதற்கு ஒரு காரணம்.

ஆண்டுதோறும் வரும் மாதிரிக் கணக்கெடுப்பை (அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே) எடுத்தால் கவனம். ஓபர்லின் போன்ற சிற்றூர்களுக்கு ஐந்தாண்டு சராசரி மட்டுமே வெளியாகும். பக்கத்தில் இருக்கும் பிழை வரம்பையும் பாருங்கள். இரண்டு சராசரிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் அந்த வரம்பைவிடச் சிறிதாக இருந்தால், "ஊர் வளர்கிறது", "சுருங்குகிறது" என்று எழுதுவது வீண்.

வறுமை விகிதம் இன்னும் மோசமாக ஏமாற்றும். விடுதியில் இருப்பவரை வறுமைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வெளியே வாடகைக்கு இருக்கும் மாணவரை எடுப்பார்கள். கையில் வருமானம் இல்லாததால் அவர் ஏழையாகவே பதிவாவார். அதனால் வாடகை மாணவர்கள் நிறைந்த ஒஹாயோவின் ஏதென்ஸ் போன்ற ஊரில் விகிதம் எகிறும், விடுதிக் கட்டாயம் உள்ள ஓபர்லினில் அவ்வளவு எகிறாது. இனவாரிப் பங்கிலும் இதே சிக்கல். 2010-இல் ஓபர்லினில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். மாணவர்களிடையே அவர்கள் பங்கு அதைவிடக் குறைவு. ஆகவே மாணவரைக் கழித்த ஊரில் அது 15-ஐவிட மேலே போகும். 1860-உடன் ஒப்பிட நினைப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள்.

2020 எண்ணையே எவ்வளவு நம்பலாம்? கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 1. கோவிடால் மார்ச்சிலேயே வளாகங்கள் காலியாகிவிட்டன. வழக்கமாகத் தங்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பதால் விடுதி மாணவர்களைக் கல்லூரிப் பதிவேட்டை வைத்துச் சேர்த்துவிட்டார்கள். வெளியே அறை எடுத்திருந்தவர்களில் பலர்தான் விடுபட்டார்கள், இல்லையென்றால் பெற்றோர் படிவத்தில் போனார்கள். விடுதி எண்ணில் பிழை கண்ட ஊர்கள் பின்னால் மறு ஆய்வு கேட்க வழி செய்தார்கள். ஆனால் அந்தத் திருத்தம் அடுத்த ஆண்டுகளின் மதிப்பீட்டில்தான் ஏறும், 2020 எண் அப்படியே இருக்கும். வெளிநாட்டு மாணவர்களையும் அதே இடத்தில் எண்ண வேண்டும். 2020 படிவத்தில் குடியுரிமைக் கேள்வி இல்லை.

கடைசியாக, ஓபர்லினை "சிட்டி" என்பது பெருமைக்கு அல்ல. ஒஹாயோ சட்டப்படி 5,000 பேர் இருந்தால் சிட்டி, குறைந்தால் வில்லேஜ். வெளியூர் மாணவர்களாலோ கைதிகளாலோ மட்டும் 5,000 தாண்டினால் சிட்டி ஆகாது, ஊரில் பதிவு செய்த வாக்காளர்களே 5,000 பேர் இருந்தால் ஒழிய. ஒஹாயோ நார்தர்ன் பல்கலைக்கழகம் இருக்கும் ஏடா ஊர் 5,000 தாண்டியும் இன்னும் வில்லேஜாக இருப்பது அந்த விதியால்தான்.