எல்லாவற்றுக்கும் 'இருண்ட' எழுதலாமா?

கேள்வி: என் மகள் உயர்நிலை 2 படிக்கிறாள். தாத்தா ஊருக்குத் திரும்பிப் போன நாளைப் பற்றிய கட்டுரையில் இருண்ட வானம், இருண்ட நாள், இருண்ட மனம் என்று எழுதியிருந்தாள். ஆசிரியை மூன்றையும் வட்டமிட்டுவிட்டார். இதற்குப் பதிலாக எழுதக்கூடிய அடைமொழிகளைப் பட்டியலாகத் தர முடியுமா? (சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்)

பதில்: பட்டியல் தரலாம். ஆனால் அதை மனப்பாடம் செய்துகொண்டு நாளைக்கு 'மந்தமான தாத்தா' என்று எழுதிவிட்டால் வீட்டில் வருத்தம்தான் மிஞ்சும். மந்தமான வானிலை, மந்தமான வியாபாரம் என்றெல்லாம் சொல்லலாம். ஆளோடு சேர்த்தால் புத்தி குறைந்தவர் என்று பொருளாகிவிடும். ஆகவே அடையைவிட அது எந்தப் பெயரின் முன்னால் உட்காருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'இருண்ட வானம்' சரியான தொடர். திரும்பத் திரும்ப வந்ததால்தான் ஆசிரியை அதையும் வட்டமிட்டிருப்பார். மற்ற இரண்டும் அப்படியில்லை. 'இருண்ட நாள்' என்று படித்தால், நாட்டையே உலுக்கிய ஏதோ நடந்த நாள் என்று தோன்றும். 'இருண்ட மனம்' என்றால் அறியாமை அல்லது கெட்ட எண்ணம் குடிகொண்ட மனம். பேத்தியின் பிரிவுத்துயர் இரண்டிலும் இல்லை.

வானிலையைச் சொல்ல, பெயருக்கு முன்னால் அடை வைப்பதைவிட 'ஆக' சேர்த்து வினையோடு முடிப்பதே தமிழுக்கு இயல்பு. 'காலையிலிருந்து மப்பும் மந்தாரமுமாக இருந்தது', 'வானம் மூட்டமாகவே கிடந்தது', 'மழை இருட்டிக்கொண்டு வந்தது'. (மப்பு, மந்தாரம் இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். மப்பு தனியாக நின்றால் பேச்சுவழக்கில் குடிபோதை!) அடைதான் வேண்டும் என்றால் மங்கிய வெளிச்சம், ஓயாத தூறல், மூட்டமான காலை என்று எழுதலாம். அதுவும் போதவில்லையா? ஒரு வினையைப் பெயரெச்சமாக்கி முன்னால் வைத்துவிடலாம்: 'வெயில் தலைகாட்டாத நாள்', 'விடிந்தும் விடியாத காலை'. இந்த வழி பிடிபட்டுவிட்டால் அவளுக்குப் பட்டியலே தேவைப்படாது.

கார்மேகம், கருமுகில் இரண்டிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். இருட்டு இருக்கிறதே என்று பிள்ளைகள் சோகக் காட்சியில் அவற்றைப் போட்டுவிடுகிறார்கள். நம் மரபில் கறுத்த மேகம் அழகு. கூந்தலுக்கும் கண்ணனின் நிறத்துக்கும் உவமை. தொல்காப்பியம் கார்காலத்தை முல்லைக்கு உரிய பொழுதாக வைக்கிறது; பிரிந்து போனவன் மழைக்காலத்தில் திரும்பிவிடுவான் என்று காத்திருக்கும் திணை அது. அதனால் கார்மேகம் என்றதும் தமிழ்க்காதுக்கு எதிர்பார்ப்புதான் முதலில் கேட்கும். சோர்வைச் சொல்ல மூட்டமும் தூறலுமே பொருத்தம்.

அப்புறம், சிங்கப்பூரில் நடக்கும் கதை என்றால் மழையும் சிங்கப்பூர் மழையாக இருக்க வேண்டும். பிற்பகல் இடிமழை சடசடவென்று பெய்து ஓய்ந்துவிடும். அதை நாள் முழுக்க இழுத்தால் நம்பும்படி இருக்காது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்வதும் உண்டு. வெப்பநிலை 23 டிகிரி வரை இறங்கி, உலர்த்திய துணிகூட ஈரவாடை அடிக்கும். சோர்ந்துபோன மனநிலைக்கு அந்த மாதங்களே தோது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதே, அதுபோன்ற நாளை எழுதுவதானால் சொல் 'புகைமூட்டம்'. மேகமூட்டம் என்று எழுதினால் காட்சியே மாறிவிடும்.

மனநிலைக்கு வந்தால், அடையைக் கூடுமானவரை மறந்துவிடச் சொல்வேன். தமிழில் துக்கம் பெரும்பாலும் முகத்திலோ நெஞ்சிலோ ஏறி, வினையாகவே வெளிப்படும். மனம் கனத்தது, நெஞ்சு அடைத்தது, முகம் வாடியது. இவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. எதிர்பார்த்தது கிடைக்காதபோது முகம் வாடும். நாலு பேர் முன்னால் யாராவது மூக்கறுத்தால் முகம் சுண்டும். கோபமோ அவமானமோ ஏறினால் முகம் கறுக்கும். 'தாத்தா கிளம்பியதும் என் முகம் கறுத்தது' என்று எழுதினால், பேத்தி தாத்தாமேல் கோபித்துக்கொண்டாள் என்றாகிவிடும்.

வானிலைக்கும் மனத்துக்கும் பொதுவான சொற்களும் உண்டு. மழைக்கு முன் காற்றில்லாமல் வேர்க்கிறதே, அது புழுக்கம். வெளியே சொல்ல முடியாத குமுறல் மனப்புழுக்கம். இறுக்கமும் அப்படித்தான்: 'ஒரே இறுக்கமாக இருக்கிறது, ஜன்னலைத் திற' என்கிறோம், சண்டைக்குப் பிறகு வீட்டில் நிலவும் அமைதியையும் 'இறுக்கமான' என்கிறோம். ஆனால் இரண்டும் அழுத்தத்தைக் காட்டும் சொற்கள், பிரிவுக்கு ஒட்டாது.

சரி, உங்கள் மகளின் பத்திக்கு வருவோம். நான் இப்படி எழுதுவேன்:

'காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. தூறல் விட்டபாடில்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளம் வெறிச்சோடிக் கிடந்தது. தாத்தா வழக்கமாக உட்காரும் கல் இருக்கையைப் பார்த்ததும் என் நெஞ்சு அடைத்தது.'

இதற்குக் கீழே 'வானமும் என்னோடு சேர்ந்து அழுதது' என்று ஒரு வரி சேர்க்க அவளுக்குக் கை துறுதுறுக்கும். இலக்கணப்படி அது தற்குறிப்பேற்ற அணி, குற்றமில்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன். கட்டுரை திருத்துகிறவர் அன்றைக்கே அந்த வரியை எத்தனையோ தாள்களில் பார்த்திருப்பார்.