இண்டி, மாற்று ராக் ஆல்பங்களில் உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானவை எவை? ஏன்?

வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம், காரணத்தையும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் ஆறு ஆல்பங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். தரவரிசை எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

இண்டி என்னும் சொல் தொடக்கத்தில் பெரிய இசை நிறுவனங்களைச் சாராத சிறு லேபிள்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளைத்தான் குறித்தது. ஒரு பாணியின் பெயராக அது மாறியது பிற்பாடுதான். அந்த லேபிள்களிடம் காசு குறைவு, ஸ்டூடியோ நேரமும் குறைவு. எனவே இசைப்பவர்கள் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு நொடியிலும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவுகளும், பாடல் பதிவான அறையும் காதில் விழும் ஆல்பங்களே எனக்குப் பிடித்தவை.

முதலில் சொல்ல வேண்டியது, லோ குழுவின் ‘திங்ஸ் வி லாஸ்ட் இன் த ஃபயர்’ (2001). அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் நகரத்துக் குழு இது. ஆலன் ஸ்பார்ஹாக்கும் மிமி பார்க்கரும் சிறு வயது முதலே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பின்னர் கணவன் மனைவி ஆனவர்கள். மிமி டிரம்ஸை நின்றுகொண்டே வாசித்தவர்: ஸ்னேர், ஃப்ளோர் டாம் என்று இரண்டு டிரம்கள், சிம்பல் என்னும் ஓர் உலோகத் தட்டு, அவ்வளவுதான். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவர்கள் விடும் இடைவெளியில், முந்தைய ஒலி அறைக்குள் தேய்ந்து அடங்குவதை முழுமையாகக் கேட்க முடியும். தொடக்க காலத்தில், அரங்கில் இருந்தவர்கள் கவனிக்காமல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தால், இவர்கள் ஒலியைக் கூட்டுவதற்குப் பதிலாக இன்னும் குறைத்துவிடுவார்களாம். அந்த உறுதி இந்த ஆல்பம் முழுவதும் இருக்கிறது.

இதன் கடைசிப் பாடலான ‘இன் மெட்டல்’ ஒரு தாய் தன் குழந்தை வளர்வதைப் பார்த்துப் பாடுவது. குழந்தையின் முதல் காலணிக்கு உலோகப் பூச்சுப் பூசி நினைவாக வைத்திருப்பது அமெரிக்கக் குடும்பங்களில் ஒரு வழக்கம். அந்தச் சின்ன உடலையும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாதா என்று அந்தத் தாய் ஏங்குகிறாள். என் மகள் நடை பழகிய நாட்களில் போட்டிருந்த, அடிக்கு ஒருமுறை கீச்சிடும் சிவப்புச் செருப்பை நாங்கள் இன்னும் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். வலது செருப்பில் மட்டும் இப்போது சத்தம் வருவதில்லை. அதைப் பார்க்கும் போதெல்லாம் மிமியின் குரல் நினைவுக்கு வந்துவிடும். புற்றுநோயால் அவர் 2022 நவம்பரில் மறைந்தார். அதன் பிறகு சில மாதங்கள் வரை இந்தப் பாடலை என்னால் முழுமையாகக் கேட்க முடியவில்லை.

லோவின் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. அவர் பதிவு செய்தவற்றில் எனக்குப் பிடித்த மற்றொன்று, பிக்ஸீஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’ (1988). பாஸ்டனில் பத்து நாட்களுக்குள் இது பதிவானது. எதிரொலியைக் கருவியில் செயற்கையாகச் சேர்க்க விரும்பாத அல்பினி, குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கிம் டீலின் குரலை ஸ்டூடியோவின் குளியலறையில் வைத்துப் பதிவு செய்தார். ‘வேர் இஸ் மை மைண்ட்?’ பாடலில் பின்னணியில் மிதந்து வரும் குரலுக்கு அந்தக் குளியலறைச் சுவர்கள்தான் உடல் கொடுத்திருக்கின்றன. பாடல்களின் வருமானத்தில் பங்கு வாங்குவதை அல்பினி ஏற்றதே இல்லை. பிளம்பருக்குத் தருவதைப் போல, செய்த வேலைக்குரிய கூலியைத் தந்தால் போதும் என்று நிர்வாணா குழுவுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். 2024 மே மாதம் அவர் இறந்த செய்தி வந்த அன்று, நான் கேட்டது இந்த ஆல்பத்தைத்தான்.

ஸ்லின்ட் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ (1991) ஆல்பத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தைச் சேர்ந்த, இருபது வயதை ஒட்டிய நான்கு இளைஞர்கள் நான்கே நாட்களில் பதிவு செய்தது இது. மொத்தம் ஆறு பாடல்கள், நாற்பது நிமிடங்களுக்கும் குறைவு. இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே குழு கலைந்துவிட்டது. அட்டைப் படத்தில், கல்குவாரியில் தேங்கிய நீரில் நான்கு தலைகள் மட்டும் மிதந்து சிரிக்கின்றன; உள்ளே இருக்கும் இசையிலோ சிரிப்பே கிடையாது. குழுவின் பாடகர் பிரையன் மக்மாஹன் பெரும்பாலும் பாடுவதில்லை. பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்துவிடக் கூடாது என்பது போல மெல்லிய குரலில் கதை சொல்கிறார். கிட்டார்கள் ஒற்றைப்படை எண்ணிக்கைகளில் சுற்றிச் சுற்றி வந்து, நாம் எதிர்பாராத கணத்தில் இடிந்து விழுகின்றன.

கடைசிப் பாடலான ‘குட் மார்னிங், கேப்டன்’, கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒரு மாலுமி ஒரு வீட்டின் கதவைத் தட்டுவதைச் சொல்கிறது. பாடலின் பெரும்பகுதியில் முணுமுணுப்பாகவே போகும் குரல், முடிவில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கத்துகிறது. அந்த இடத்தில் குரல் கிழிகிறது. அதைச் சீர்செய்ய அவர்கள் முயலவில்லை. முதல் இரண்டு முறை கேட்டபோது இந்த ஆல்பம் எனக்குப் பிடிபடவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் முறை, மின்வெட்டு நேரத்தில், பேட்டரியில் ஓடிய சிறு கருவியில் ஹெட்போன் வைத்துக் கேட்டேன். மின்சாரம் திரும்பி வந்தபோது நான் விளக்கைப் போடவில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் நேர் எதிரானது, மை பிளடி வேலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ (1991). குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் இதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, பத்தொன்பது ஸ்டூடியோக்கள் மாறினார். வெளியிட்ட கிரியேஷன் லேபிள் பெரும் பணத்தைச் செலவழித்துத் திணறியது. அறையின் ஒலி இதில் கேட்காது என்றாலும், ஒரு மனிதனின் கை கேட்கும். சுரத்தை ஏற்றி இறக்க உதவும், ட்ரெமலோ என்னும் கிட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடியே அவர் தந்திகளை மீட்டுவதால், சுரம் ஓரிடத்தில் நிற்காமல் சற்றே மேலும் கீழும் வழுக்கிக்கொண்டிருக்கிறது. கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வழுக்கல் அந்நியமாகப் படுவதில்லை என்பது என் அனுபவம். குழுவின் பாடகி பிலிண்டா புச்சரின் குரல் பல நேரங்களில் அதிகாலையில், தூக்கத்திலிருந்து எழுப்பிப் பாட வைத்துப் பதிவு செய்யப்பட்டது. சொற்கள் புரியாமல் போவதற்கு அந்த அரைத்தூக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆர்.இ.எம். குழுவின் ‘மர்மர்’ (1983), புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. அட்டையில் ஜார்ஜியா மாநிலத்து நிலம் முழுவதையும் குட்ஸு கொடி மூடியிருக்கிறது. மண்ணரிப்பைத் தடுக்க வளர்த்துப் பிறகு அடக்க முடியாமல் போன கொடி அது, நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் கதைதான். பாடகர் மைக்கேல் ஸ்டைப்பின் குரலும் அப்படித்தான் சொற்களை மூடிப் படர்கிறது. ‘வி வாக்’ பாடலில் இடி போலக் கேட்பது, டிரம்ஸ் வாசிப்பவரான பில் பெர்ரி பூல் மேசையில் ஆடியபோது பந்துகள் மோதிய ஓசையை வேகம் குறைத்துச் சேர்த்தது.

கடைசியாக, கேலக்ஸி 500 குழுவின் ‘ஆன் ஃபயர்’ (1989). மூன்று நண்பர்கள், மெதுவான தாளம், நடுங்கும் உயர்ந்த குரல், ஒவ்வொரு பாடலின் பின்பாதியிலும் மேலேறிச் செல்லும் கிட்டார். இதை வெளியிட்ட ரஃப் டிரேட் லேபிள் 1991-இல் நொடித்துப்போனபோது, குழுவும் அதே ஆண்டில் பிரிந்தது. அவர்களுடைய மூல ஒலிநாடாக்கள் ஏலத்துக்கு வந்தன. டிரம்ஸ் வாசித்த டேமன் க்ருகாவ்ஸ்கி அந்த ஏலத்துக்குப் போய்த் தங்கள் சொந்தப் பாடல்களைத் தானே விலை கொடுத்து வாங்கினார். இன்று இந்த ஆல்பம் நமக்குக் கேட்கக் கிடைப்பது அவர் அன்று கை தூக்கியதால்தான்.