வெளியூர் கட்டுமான நிறுவனங்கள் வந்தால் நலிந்த தொழில் நகரம் மீளுமா?

மாட்டுங்காவிலிருந்து லோயர் பரேலுக்கு வேலைக்குப் போய்வரும் நான், மும்பையின் பஞ்சாலை நிலங்களைக் கொண்டே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்திற்குப் பிறகு, பல ஆலைகள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

டெல்லியைச் சேர்ந்த கட்டுமான நிறுவனமான டிஎல்எஃப், லோயர் பரேலில் மும்பை டெக்ஸ்டைல் மில்லின் ஏறத்தாழ 17 ஏக்கரை 2005இல் 702 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்து, 2012இல் மும்பைக் கட்டுமான நிறுவனமான லோதா குழுமத்துக்கு 2,700 கோடிக்கும் மேலாக விற்றது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் ஏறியது நிலத்தின் விலைதான். தறி ஓட்டியவருக்கு அதனால் ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

என் பார்வையில், முதலீட்டாளர் எந்த ஊர்க்காரர் என்பதைவிட விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். மும்பையின் 1991 நகர வளர்ச்சி விதிப்படி, மறுகட்டுமானத்துக்கு வரும் ஆலை நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும் இன்னொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் போயிருக்க வேண்டும். 2001 திருத்தமோ காலி நிலத்தை மட்டும் பங்கிடச் சொன்னதால், கட்டடம் நின்ற இடமெல்லாம் கணக்கிலிருந்து நழுவியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

பழைய ஆலை நிலங்களில் அலுவலக வேலைகள் பெருகியது உண்மை (எனக்கும் அப்படித்தான் கிடைத்தது). ஆனால் அவை பட்டதாரிகளுக்கானவை. ஃபீனிக்ஸ் மில்லின் பழைய புகைபோக்கி இன்று வணிக வளாகத்துக்கு நடுவே அலங்காரமாக நிற்கிறது.